புகைக்கு ஒரு வழி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் பழைய ஓட்டு வீடுகள் இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. முன்னால் விறாந்தை, நடுவில் மண்டபம், பின்னால் சிறு முற்றம், அதற்கும் அப்பால் குசினி. குசினியின் பின்சுவரை ஒட்டி இடுப்பளவு உயரத்தில் செங்கல் மேடை. மேடைக்குக் கீழே விறகு அடுக்குவதற்கு வளைவான ஒரு பொந்து. மேடைக்கு மேலே அகன்று தொடங்கி, ஒடுங்கிச் சரிந்து, ஓட்டைத் துளைத்துக்கொண்டு வெளியேறும் புகைக்கூடு. கொட்டாஞ்சேனையின் நெருக்கமான வரிசை வீடுகளிலும் இதே அமைப்பு சிறிய அளவில் இருக்கிறது. இன்று இந்த மேடைகளில் பெரும்பாலும் காஸ் அடுப்போ மிக்சியோ உட்கார்ந்திருக்கும். புகைக்கூட்டின் வாயைப் பலகையாலோ சீற்றாலோ அடைத்து வெள்ளை பூசியிருப்பார்கள். ஒழுக்குக்குப் பயந்து, கூரைக்கு மேலே நீண்ட பகுதியை இடித்துவிட்டு ஓடு போட்டவர்களும் உண்டு.

விறகடுப்பை மறுபடி வைக்க நினைப்பவர் முதலில் பார்ப்பது அந்த மேடையைத்தான். வெடித்த சீமெந்தைச் சுரண்டிப் பூசி, புது அடுப்பொன்றை வாங்கி வைத்தால் வேலை முடிந்தது என்று எண்ணுகிறார். ஆனால் நெருப்பு எங்கும் எரியும். மூன்று கல் இருந்தால் போதும். ஒரு வீட்டை வீடாக வைத்திருப்பது அந்த நெருப்பின் புகை போகும் வழி. பழைய அடுப்படியைத் தயார்செய்யும் வேலை மேலேயிருந்து தொடங்கவேண்டும், கூரையிலிருந்து அடுப்பை நோக்கி இறங்கிவரவேண்டும் என்பதே எங்கள் வீட்டு அடுப்பைத் திருத்தியபோது நான் விளங்கிக்கொண்டது. இந்த முறையை மாற்றினால் என்ன ஆகும் என்பதைக் கொழும்பு 2022இல் கண்டது.

*

2021, 2022 ஆகிய இரண்டு வருடங்களை மறந்துவிடக்கூடாது. 2021 ஒக்டோபரில் எரிவாயுவுக்கான கட்டுப்பாட்டு விலை நீக்கப்பட்டது. அதுவரை 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபாயைத் தொட்டது. இடையில், 2021 நவம்பரிலும் டிசம்பரிலும், நாடெங்கும் வீட்டுக் குசினிகளில் காஸ் வெடித்த செய்திகள் அடுக்கடுக்காக வந்தன. விசாரிக்க அமைக்கப்பட்ட குழு, சிலிண்டருக்குள் இருக்கும் புரொப்பேன், பியூட்டேன் கலவையின் விகிதம் மாற்றப்பட்டதை முக்கிய காரணமாகச் சுட்டியது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். பழைய அழுத்தத்துக்குப் பழகிய வால்வும் குழாயும் கசியத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத எரிபொருளை நம்பிக் கண்ணுக்குத் தெரியும் புகையை வீட்டைவிட்டு விரட்டிய ஒரு நகரம், முதன்முறையாகத் தன் குசினிக்குள் போகவே அஞ்சியது.

பிறகு காஸ் வரவேயில்லை. 2022 மார்ச் முதல் யூலை வரை வெறும் சிலிண்டர்கள் வீதியோரங்களில் சங்கிலி போட்டு வரிசையில் நின்றன. சந்திகளில் அவற்றையே குறுக்கே அடுக்கி மக்கள் வீதியை மறித்தார்கள். மின்சார அடுப்புக்கு மாறலாம் என்றால், மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. காஸில் ஓடிய பேக்கரிகள் பல கதவை மூடின; விறகுப் போறணையைக் கைவிடாதவர்கள் பாண் போட்டார்கள்.

இலங்கைக்கு விறகு புதிதல்ல. 2012 குடிசன மதிப்பீட்டின்போதும் நாட்டின் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமான வீடுகள் விறகில்தான் சமைத்துக்கொண்டிருந்தன. கொழும்பு மாத்திரம் விலகி நின்றது. விறகு தேடித் திரும்பியபோது கொழும்புக்கு விறகு கிடைத்தது. இறப்பர் மரக்கட்டை, தென்னம்மட்டை, பொச்சு, சிரட்டை, உடைத்த பழைய தளபாடம் என்று எதையாவது எரிக்க முடிந்தது. கிடைக்காதது புகைக்கான வழி. தொடர்மாடிகளின் மொட்டை மாடியிலும் வாகனம் நிறுத்தும் இடத்திலும் கல் கூட்டிச் சமைத்தார்கள். அதற்கும் வசதியில்லாதவர்கள் பல்கனியில் பற்றவைத்தார்கள். கீழ்வீட்டுப் புகை மேல்வீட்டு யன்னலுக்குள் போனது. பழைய வீடுகளில் இருந்தவர்கள் அடைத்த புகைக்கூட்டின் கீழேயே அடுப்பை மூட்டினார்கள். நானூறு ஐநூறு சதுர அடிக்குள் ஒரு குடும்பமும் அதன் சமையல் புகையும் சேர்ந்து வாழ்ந்த மாதங்கள் அவை.

காஸ் திரும்பி வந்தது. அதோடு அந்த மாதங்களைப் பேசுவதும் நின்றது. ஆனால் சில வீடுகளில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது: இனி ஒரு விறகடுப்பு தயாராக இருக்கவேண்டும். எங்கள் வீடும் அவற்றில் ஒன்று.

*

எங்களுக்கு வேலை செய்ய வந்த மேசன் பாஸ் ஹற்றன் பக்கத்தவர். நுவரெலியாவைச் சுற்றியுள்ள தோட்டத்து பங்களாக்களில் கணப்படுப்புகளைத் திருத்திப் பழகிய கை. மேடையைக் காட்டினேன். அதைப் பார்க்கவேயில்லை; அண்ணாந்து பார்த்தார்.

“தம்பி, அடுப்பு கட்டுறது ஒரு நாள் வேலை. பொக போகுமான்னு மேல ஏறிப் பாத்தாத்தான் தெரியும்.”

ஏறிப் பார்த்தபோது தெரிந்தவை எல்லாப் பழைய வீட்டுக்கும் பொதுவானவை. புகைக்கூட்டின் உச்சியை மூடியிருந்த தகடு கடற்காற்றின் உப்பில் அரித்துப் பொருக்காகியிருந்தது. உள்ளே மைனாக் கூடும் சருகும் ஓட்டுத் துண்டுகளும் அடைத்திருந்தன. சுவரின் உட்புறம் தார்போல இறுகிய கரி. ஈர விறகு எரிந்த காலத்தின் எச்சம் அது. ஈரமான விறகு முழுதாக எரியாது. அதன் புகையில் இருக்கும் ஆவி, குளிர்ந்த செங்கல்லில் பட்டுப் படிந்து இறுகும். பிறகொரு நாள் அடுப்பில் பெருநெருப்பு எழுந்தால் இந்தப் படிவே தீப்பிடித்து, புகைக்கூடு முழுவதும் சுவாலையாகும். பழைய அடுப்பை அப்படியே பற்றவைக்கக்கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

துப்புரவு செய்வதற்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஈர்க்குக் கட்டொன்றைக் கயிற்றில் பிணைத்து, அடியில் கல் ஒன்றைத் தொங்கவிட்டு, மேலிருந்து இறக்கி இழுத்தார்கள். இறுகிய கரியைத் தகட்டால் சுரண்டினார்கள். மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு செய்யவேண்டிய வேலை; அந்தக் கரித்தூள் நெஞ்சுக்கு ஆகாது.

அடுத்தது சுவர். இக்காலத்து மேசன்கள் வெடிப்பைக் கண்டதும் சீமெந்தைக் குழைப்பார்கள். பாஸ் அதைத் தடுத்தார். கொழும்பின் பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை. தென்மேற்குக் கரையில் முருகைக்கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு பல காலம் இந்த நகரத்துக்கு வந்தது. அந்தச் சாந்து மென்மையானது. சூட்டில் செங்கல் விரியும்போது கூடவே அசைந்து கொடுக்கும். சீமெந்து கொடுக்காது, இறுகி நின்று கல்லையே பிளக்கும். பிளந்த இடத்தால் புகை கசியும், பொறியும் போகும். ஆகவே பொருத்துகளைச் சுரண்டிச் சுண்ணாம்பும் மணலும் கலந்து நிரப்பினோம். நெருப்பு நேரே படும் அடிப்பகுதிக்கு மட்டும் சூட்டைத் தாங்கும் தீக்கல் வைத்தோம். கூரைக்குள் புகைக்கூடு நுழையும் இடத்தில் ஒரு கைமரம் செங்கல்லைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அதை வெட்டி, சுற்றிவரச் சட்டம் போட்டு விலக்கினோம். பழைய வீடுகளில் இதைத் தவறாமல் பார்க்கவேண்டும். சூட்டில் வருடக்கணக்காக உலர்ந்த மரம், புதிய மரத்தைவிடக் குறைந்த வெப்பத்தில் பற்றிக்கொள்ளும்.

கடைசியில் சோதனை. கதவு யன்னல்களைச் சாத்தி, மேடையில் கடதாசியைக் கொளுத்திப் புகைக்கூட்டைச் சற்றுச் சூடாக்கி, பிறகு ஈரப் பொச்சைப் போட்டுப் புகை எழுப்பவேண்டும். ஒருவர் முற்றத்தில் நின்று உச்சியைப் பார்ப்பார். இன்னொருவர் கூரைக்குள் விளக்கைப் பிடித்துக்கொண்டு கசிவைத் தேடுவார். கொட்டாஞ்சேனையில் நண்பர் ஒருவரின் வீட்டில் இப்படிச் செய்தபோது புகை பக்கத்து வீட்டுக் குளியலறையில் வந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், ஒரே புகைக்கூடு. அயலவர் தன் பக்கத்து வாயைப் பலகையால் மறைத்து ஓடு பதித்திருந்தார். இரு வீட்டாரும் பேசி அந்த வாயைச் செங்கல் வைத்து முறையாக அடைத்தார்கள். சோதனை இல்லாமல் அடுப்பு எரிந்திருந்தால் மணமோ நிறமோ இல்லாத கார்பன் மொனொக்சைட்டும் அதே வழியால் போயிருக்கும். அந்த வாயு உறங்குகிறவரை எழுப்பாது.

*

புகை ஏன் மேலே போகிறது? சூடான காற்று இலேசானது. 30 பாகை செல்சியசில் ஒரு கன மீற்றர் காற்றின் நிறை ஏறக்குறைய 1.16 கிலோ, 150 பாகையில் 0.83 கிலோ. வெளியே கனத்த காற்று, உள்ளே இலேசான காற்று. அந்த வித்தியாசம் புகையை மேலே தள்ளுகிறது. புகைக்கூடு எவ்வளவு உயரமோ, வெளியே எவ்வளவு குளிரோ, அவ்வளவுக்கு இழுவை கூடும். நுவரெலியாவில் இரவு 10 பாகைக்கும் கீழே இறங்கும். அங்கே கணப்படுப்பு நன்றாக இழுக்கும். இரவிலும் வெக்கை தணியாத கொழும்பில் அதே உயரமுள்ள புகைக்கூட்டுக்கு அவ்வளவு பலம் இல்லை.

கணக்குப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 5 மீற்றர் உயரமான புகைக்கூட்டில், உள்ளே சராசரி 150 பாகை என்று வைத்துக்கொண்டால், நம் வெக்கையில் எழும் இழுவை சுமார் 16 பாஸ்கல். ஒன்றரை மில்லிமீற்றர் தண்ணீரின் அழுத்தம், அவ்வளவுதான். திறந்த அடுப்பில் அறைக் காற்றும் கலந்து போவதால் உண்மையில் அதைவிடக் குறையும். மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் ஒரு சாதாரண கடற்காற்றின் அழுத்தமோ 14 பாஸ்கலுக்கு மேல். வெள்ளவத்தைக் கரையில் அந்தக் காற்று அபூர்வமானதல்ல. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, அதைவிட வேகமாகவே வீசும். புகைக்கூட்டின் உச்சியைச் சும்மா கடந்து போகும் காற்று புகைக்கு உதவும். மேலிருந்து கீழாக விழும் காற்றோ அடுப்பின் பலம் முழுவதையும் ஒரே வீச்சில் தின்றுவிடும்.

காற்று ஏன் கீழே விழவேண்டும்? உயர்ந்த சுவரில் மோதும் காற்றின் ஒரு பகுதி சுவர் வழியாகக் கீழே இறங்கும். 1930களில் இந்தப் புகைக்கூடுகளைக் கட்டியவர்கள் சுற்றியிருந்த ஓட்டுக்கூரைகளின் உயரத்தைப் பார்த்து, முகட்டுக்கு இரண்டு மூன்று அடி மேலே உச்சியை நிறுத்தினார்கள். அன்றைக்கு அது சரியான அளவு. இன்று அதே வீட்டுக்கு இருபுறமும் எட்டு மாடி, பத்து மாடி. புகைக்கூட்டில் குறையில்லை. அது நம்பி நின்ற வானம் போய்விட்டது.

எங்கள் வீட்டில் இதற்கு ஓரளவு பரிகாரம் கண்டோம். உச்சியை உயர்த்தி, நாற்புறமும் திறந்து மேலே மூடிய கொங்கிறீற் தொப்பி வைத்தோம். இரும்புத் தகடு உப்பில் நிலைக்காது. கீழே, புகைக்கூட்டின் வாயைத் தாழ்த்தி, கழுத்தை ஒடுக்கினோம். 1790களில் ரம்ஃபோர்ட் பிரபு இலண்டன் வீடுகளின் கணப்படுப்புகளில் செய்தது இதைத்தான். அகன்ற கழுத்து அறைக் காற்றையெல்லாம் விழுங்கித் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். ஒடுங்கிய கழுத்தில் சூடு தங்கும், இழுவை கூடும். அதோடு அடுப்பின் உயரத்துக்குக் கீழே காற்று நுழைய ஒரு திறப்பு விட்டோம். உள்ளே வராத காற்று வெளியே போகாது. இவ்வளவும் செய்த பிறகும், கடல் கொந்தளிக்கும் யூன் மாதத்துப் பின்னேரங்களில் எங்கள் அடுப்பு சில நேரம் புகையைத் திருப்பி உமிழ்கிறது. அந்த நேரங்களில் அதை மூட்டுவதில்லை.

அந்தத் தொடர்மாடிகளின்மேல் கோபப்படவும் என்னால் முடியாது. வெள்ளவத்தைக்கு நெருப்பு என்றால் சமையல் மட்டும் நினைவுக்கு வருவதில்லை. 1983 யூலையின் கடைசி வாரத்தில் இந்த ஒழுங்கைகளில் வீடுகள் எரிந்தன. எரித்தவர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடியதை அந்த நாட்களின் சாட்சியங்கள் சொல்கின்றன. ஓடும் மரமும் எரிந்து விழுந்த பிறகு, கரி பிடித்து நின்றவை சுவர்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. காணிகள் கைமாறின. வடக்கிலும் கிழக்கிலும் போர் தொடர்ந்த ஆண்டுகளில் இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குத் தங்க இடம் வேண்டியிருந்தது. கனடாவிலும் இங்கிலாந்திலும் உழைத்த பிள்ளைகள் பெற்றோருக்குக் கொழும்பில் ஒரு பாதுகாப்பான கூரையைத் தேடினார்கள். 1990களிலிருந்து எழுந்த மாடிகளில் பெரும்பகுதி அந்தத் தேவையின் மேல் எழுந்தது. எங்கள் புகைக்கூட்டின் காற்றை மறைக்கும் சுவருக்குப் பின்னால் இருப்பவர்கள் எங்களைப் போலவே ஒரு நெருப்புக்குத் தப்பி வந்தவர்கள். காஸ் தீர்ந்தபோது அவர்களின் வீட்டில் அடுப்பு மூட்டக் கல் வைக்கவும் இடம் இருக்கவில்லை.

*

விறகடுப்புச் சமையலின் ருசியைப் பற்றி நம்மவர்கள் நிறையப் பேசுகிறார்கள். மண்சட்டியில் வற்றிய மீன்குழம்பு, சாம்பலில் சுட்ட கருவாடு, தணலில் வறுத்த கோப்பி. அந்த ருசி பொய்யல்ல. ஆனால் அதைப் பேசுகிறவர்களில் அனேகர் அந்த அடுப்பை ஊதியவர்கள் அல்லர்.

பழைய வெள்ளவத்தை வீட்டின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். குசினி ஏன் முற்றத்துக்கு அப்பால் இருக்கிறது? புகை மண்டபத்துக்கு வரக்கூடாது என்பதற்காக. அந்தத் தூரம் சிலரைக் காத்தது, சிலரைக் காக்கவில்லை. அம்மாக்களும் அம்மம்மாக்களும் அந்தப் பக்கத்தில் இருந்தார்கள். வசதியுள்ள வீடுகளில் வேலைக்கு வந்த பெண்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் மலையகத் தோட்டங்களிலிருந்து சிறு வயதிலேயே கொண்டுவரப்பட்டவர்கள். விடிய முன் எழும்பி அடுப்பை மூட்டுவதும், எல்லோரும் உண்டபின் சாம்பலை அள்ளுவதும், அந்தக் குசினித் தரையிலேயே பாய் விரிப்பதும் அவர்களின் நாளாக இருந்தது. புகைக்கூடு அடைத்துக்கொண்டபோது அதை முதலில் அறிந்தவை அவர்களின் கண்கள். துப்புரவு செய்யச் சொல்லும் அதிகாரம் மட்டும் அவர்களிடம் இருக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020இல் மட்டும் வீட்டுக்குள் எழும் புகையால் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்தார்கள். நெஞ்சுநோய், பக்கவாதம், நாட்பட்ட சுவாசநோய், குழந்தைகளின் நிமோனியா என்று அது வெவ்வேறு பெயர்களில் வருகிறது. இறப்புச் சான்றிதழில் அடுப்பு என்று எழுதப்படுவதில்லை. காஸ் வந்தபோது நம் வீட்டுப் பெண்கள் அதை விடுதலையாக எண்ணி வரவேற்றார்கள். அவர்கள் எண்ணியது முற்றிலும் சரி. நான் விறகடுப்பை மறுபடி வைப்பது அந்த விடுதலையைத் திருப்பி வாங்குவதற்காக அல்ல. காஸும் மின்சாரமும் இருக்கும் நாளெல்லாம் அவையே சமைக்கட்டும். அவை இல்லாத நாளில் யாரோ ஒருவரின் நெஞ்சு அந்த வெற்றிடத்தை நிரப்பக்கூடாது. அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

*

மேடையில் இப்போது இருப்பது அனகி அடுப்பு. 1980களில், விறகைச் சேமிக்கும் அரச திட்டங்களின் காலத்தில் உருவாகி, கிராமத்துக் குயவர்களின் கையால் நாடெங்கும் பரவிய களிமண் அடுப்பு. ஒரு வாயால் விறகு வைத்தால் இரண்டு பானைக்கு எரியும். முன்பானையைத் தொட்ட சூடு உள்வழியால் போய்ப் பின்பானையையும் தொடும். சோறு முன்னால், பருப்புப் பின்னால். மூன்று கல் அடுப்பைவிடக் குறைந்த விறகே போதும். களிமண்ணும் மணலும் குழைத்துச் சுற்றிவர மொத்தமாகப் பூசினால் சூடும் தங்கும், அடுப்பும் வெடிக்காமல் நீண்ட காலம் உழைக்கும். ஆனால் அனகிக்குச் சொந்தமாகப் புகைக்குழாய் இல்லை. விறகைக் குறைக்கும்; மிஞ்சிய புகையை அறைக்குள்தான் விடும். அதனால்தான் அதைப் பழைய புகைக்கூட்டின் வாய்க்கு நேர் கீழே, பின்சுவரை ஒட்டி வைக்கவேண்டும். புதிய அடுப்பும் பழைய புகைக்கூடும் ஒன்றின் குறையை ஒன்று தீர்க்கின்றன.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் உறவினர்கள் தங்கள் பழைய வீடுகளின் கணப்படுப்புக்குள் மூடிய இரும்பு அடுப்பை வைக்கிறார்கள். அங்கும் ஒழுங்கு இதுதான்: முதலில் புகைக்கூட்டைச் சுத்தம் செய்து, கசிவு பார்த்து, உள்ளே உருக்குக் குழாய் இறக்கி, பழைய வாயைத் தகட்டால் அடைத்து, அதன் பிறகே அடுப்பு உள்ளே வரும். திறந்த கணப்பில் விறகின் சூட்டில் பெரும்பகுதி வானத்துக்குப் போகும். நல்ல மூடிய அடுப்பில் பெரும்பகுதி அறையில் தங்கும். இங்கிலாந்தில் அப்படியொரு அடுப்பைப் புதிதாக வைத்தால் கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியும் வைத்தேயாகவேண்டும். 1952இல் இலண்டனை மூடிய புகைமூட்டத்துக்குப் பல்லாயிரம் பேரைப் பலிகொடுத்து, 1956இல் தூய காற்றுச் சட்டத்தை இயற்றிய நாடு அது. விலை கொடுத்துத்தான் அந்த ஒழுங்குகள் வந்தன.

இந்தியா வேறொரு பாடத்தை வைத்திருக்கிறது. 1983இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இரண்டு தசாப்தங்களில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட மேம்பட்ட அடுப்புகள் கிராமங்களில் வைக்கப்பட்டன. பெரும்பாலானவை நிலைக்கவில்லை. பின்னாளில் ஒடிசாவில் ரேமா ஹன்னா, எஸ்தர் டூஃப்லோ, மைக்கல் கிரீன்ஸ்டோன் என்ற மூன்று ஆய்வாளர்கள் புகைபோக்கி வைத்த அடுப்புகளை நான்கு வருடம்வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வருடம் பெண்களின் நெஞ்சுக்குள் போன புகை குறைந்தது. அதன் பிறகு அந்தப் பயன் மறைந்துபோனது. அடுப்பு உடைந்தது, புகைபோக்கி அடைத்தது, யாரும் சீர்செய்யவில்லை. கட்டிக் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று எண்ணிய எல்லாத் திட்டமும் அந்த இடத்தில்தான் தோற்றது.

ஆகவே அடுப்பு வைத்த வீட்டில் ஒரு நாள் குறிக்கப்படவேண்டும். எங்கள் வீட்டில் அது மார்கழியில் வருகிறது. தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது புகைக்கூடும் துப்புரவாகும். அந்த வேலையை வீட்டு ஆண்கள் செய்வது என்று முடிவுசெய்திருக்கிறோம். விறகை மழைக்கு முன்னரே வாங்கி, பிளந்து, முற்றத்துச் சுவரோரம் காற்றுப்பட அடுக்கிக் காயவிடுகிறோம். விறகுக் கடையிலிருந்து வந்த அன்றே எரித்தால் நெருப்பின் ஒரு பகுதி விறகின் ஈரத்தை விரட்டவே போய்விடும். முழுதாக எரியாத புகை, புகைக்கூட்டில் தாராய்ப் படியும். ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிய விறகுதான் அடுப்புக்குரியது.

இதை வாசிப்பவர்களில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். ஒழுகுகிறது என்று புகைக்கூட்டை இடிக்கவேண்டாம். தேவையில்லாத காலத்தில் கழற்றக்கூடிய மூடியால் மூடுங்கள். ஈரம் தேங்காமல் இருக்க அடியிலும் உச்சியிலும் சிறு காற்றுத் துளை விடுங்கள். அடுப்பை மூட்டுவதென்றால் மேலே ஏறிப் பார்த்த பிறகு மூட்டுங்கள். சோதனையில் புகை அறைக்குள் திரும்பினால் அந்த அடுப்பை எரிக்காதீர்கள், முற்றத்தில் சமையுங்கள். புதிதாகத் தொடர்மாடி கட்டுபவர்கள், காஸ் ஒருநாள் நின்றுபோகும் என்று எண்ணி, ஒவ்வொரு கட்டடத்திலும் எல்லோருக்கும் பொதுவான, புகைக்கூட்டோடு கூடிய ஒரு சமையலிடத்தையாவது விடுங்கள். வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். 2022இல் நம்மிடம் விறகு இருந்தது, தீப்பெட்டி இருந்தது, அரிசியும் ஏதோ கொஞ்சம் இருந்தது. புகைக்கு வழி இருக்கவில்லை. அதைத் திறப்பதற்கு அரசாங்கத்தின் அனுமதியோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை. ஒரு ஏணியும் ஒரு மேசனும் போதும்.